இடது கை இல்லாத பொம்மை

கடைக்குக் கார்டில் பணம் வாங்கும் வசதி ஏற்படுத்துவது பால்காரரை அமர்த்துவது மாதிரிதான். எல்லோரும் லிட்டர் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். எந்த நாளில் வராமல் போவார், வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் தங்கையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டால் ஆடாது. காபி ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் கார்டு கம்பெனியின் விசாரணை அதிகாரி. நானும் அப்படி ஒரு கம்பெனியில்தான் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தேன். அதனால் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். சின்னவள் உள்ளறையில் படுத்திருக்கிறாள். கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம்.

அவளை வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவளுக்கு ஒரு பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அப்பா இருந்தார், இருந்தும் இல்லாத மாதிரி. தலை வாரிவிட்டது, நகம் வெட்டிவிட்டது, பள்ளிக்கூடத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டது எல்லாம் நான். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். அதை ஒரு நாளும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது உங்களிடம் சொல்வதுகூட ஒரு விவரத்துக்காகத்தான்.

கம்பெனியில் நான் இருந்தது சந்தேகப் பிரிவில். இணையத்தில் கடை போடுகிறவர்களில் யார் கார்டில் பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுவார்கள் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது எங்கள் வேலை. எங்கள் மேலாளருக்கு ‘கத்தரிக்கோல்’ என்று பட்டப்பெயர். சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கவே மாட்டார், கணக்கை நறுக்கிவிடுவார். அவர் அறையைத் தாண்டும்போதெல்லாம் விரல்களால் கத்தரித்துக் காட்டிச் சிரிப்போம். கடைசியில் ஆட்குறைப்பு வந்தபோது என்னையும் நறுக்கினார். ஒரு பூங்கொத்தும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். உங்கள் தலைக்கு மேலே இருக்கிறதே, அதுதான். ஓடுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னவளின் பொம்மைகள் பேர் வாங்க ஆரம்பித்தன. அவள் ஆஸ்பத்திரியில் போர்வையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே முடி கொட்டிப்போன ஒரு குழந்தை, தன் பொம்மைக்கு மட்டும் எதற்கு இவ்வளவு முடி என்று கேட்டதாம். இவள் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பொம்மையின் முடியைப் பிரித்தெடுத்து, மொட்டைத் தலையில் ஒரு சின்னத் தொப்பி தைத்துப் போட்டிருக்கிறாள். குழந்தை பொம்மையைக் கீழே வைக்கவில்லையாம். அதிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. குழந்தையின் போட்டோவை அனுப்பினால் அதே மாதிரி ஒரு துணிப் பொம்மை. காதில் மெஷின் இருந்தால் பொம்மைக்கும் இருக்கும். நெஞ்சில் தழும்பு இருந்தால் சிவப்பு நூலில் அதே இடத்தில் இருக்கும். ஒரு பொம்மைக்கு மூன்று வாரமாவது ஆகும்.

ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எல்லாரும் கார்டுல கட்டலாமான்னு கேக்கறாங்க. எனக்கு இதெல்லாம் தலையும் புரியல, வாலும் புரியல. நீயே பாத்து ஒண்ணு போட்டுக் குடேன்.”

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வேலை போன பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அலசி ஆராய்ந்தேன். அவளுக்குப் பொருத்தமாக ஒரு கம்பெனி கிடைத்தது. கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கூப்பிட்டால் மனிதர் எடுத்துப் பேசினார். பொம்மை போய்ச் சேர எத்தனை வாரம் ஆகும், விற்பனை திடீரென்று ஏறினால் என்ன செய்வீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். வாசலிலேயே கேள்வி கேட்கிறவர்கள் பின்னால் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். அந்தக் கம்பெனிக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்து, அனுப்புவது மட்டும்தான் பாக்கி என்று வைத்திருந்தேன். அந்த அளவுக்கு நான் நல்லதுதான் நினைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள். குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில், அதற்கு எதிரிலேயே ஒரு இடம் பார்த்திருக்கிறாளாம். கீழே தையல் கூடம், மேலே தங்க ஒரு அறை. உதவிக்கு இரண்டு பெண்கள். குழந்தைகளை நேரில் பார்த்தே செய்யலாம் என்றாள்.

“வாரா வாரம் வந்துடுவேன்க்கா. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.”

“நான் எங்க தூக்கினேன்? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்றேன்.

வாரா வாரம் என்பது மாதா மாதம் ஆகும், பிறகு போனில் குரல் மட்டும் வரும். சின்னவளுக்குக் குளிருக்கு மேலே போர்த்திக்கொள்ளக்கூடத் தெரியாது. எதையாவது யோசித்துக்கொண்டே அடுப்பை அணைக்காமல் போய்விடுவாள். அவளை எப்படித் தனியாக அனுப்புவது? சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அழித்தேன். உங்கள் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கம்பெனி எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒரே நாளில் கதவைத் திறக்கும். அதற்காகத்தான் பலரும் உங்களிடம் வருகிறார்கள். சந்தேகம் வந்தால் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வீர்கள் என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, என் மாதிரி ஆட்களைத் தவிர. பணம் வாங்கிய மறுநாளே சரக்கு அனுப்பப்படும் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். விற்பனை சொற்பம் என்று எழுதினேன். தொடர்புக்கு என் மெயிலைக் கொடுத்தேன். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நான் மட்டும் இருந்தேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்” என்றாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு தாய் தன் குழந்தையும் பொம்மையும் ஒரே மாதிரி சிரிக்கும் படத்தை இணையத்தில் போட்டார். அது எங்கெங்கோ பரவியது. ஆர்டர்கள் வந்து குவிந்தன. இந்த மேஜை முழுக்க நூலும் பஞ்சும்தான், சாப்பிட இடம் கிடையாது. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தாள். புதிதாக இன்னொரு தையல் மெஷின் வாங்கினாள். அந்த ஊரில் இடத்துக்காரரிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் எதிர்பார்த்த மெயில் வந்தது. விற்பனை திடீரென்று ஏறியிருக்கிறது, சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள், அதுவரை பணம் நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் எழுதிவிடலாம். நான் எழுதவில்லை. அடுத்தடுத்து வந்ததற்கும் எழுதவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பணம் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது, புதுக் கடைகளுக்கு இப்படித்தான் பிடித்து வைப்பார்கள், பொறுமையாக இரு என்றேன். அவள் நம்பினாள். புது மெஷினை விற்றுத் துணியும் பஞ்சும் வாங்கினாள். ஒரே மெஷினில் தைத்ததால் எல்லாம் தாமதமாயிற்று. காத்திருந்தவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக் குரல் கம்மிப்போய் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தை என்றேன்.

எல்லோரிடமும் ஆபீஸ் குரலில் பேசினேன். “உங்க கவலை எனக்குப் புரியுதும்மா. எதுக்கும் உங்க பேங்க்ல சொல்லிப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கோங்க. பொம்மை எப்படியும் வந்துடும். வந்தப்பறம் குடுங்க, போதும்.” எல்லோரும் நன்றி சொன்னார்கள். பேங்க்கில் அப்படி ஒவ்வொருவர் சொல்வதும் கடைக்காரர் மேல் ஒரு புகார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு அளவைத் தாண்டினால் கணக்கை மூடிவிடுவீர்கள், பெயரும் பட்டியலில் ஏறிவிடும். அந்தப் பட்டியலை எல்லாக் கம்பெனிகளும் பார்க்கும். பல வருஷங்களுக்கு எவரும் கார்டு வசதி தரமாட்டார்கள். எங்கள் பிரிவில் அதற்குக் கல்லறை என்று பெயர். கத்தரிக்கோல் வைத்த பெயர்தான்.

இப்போது அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண் குழந்தை. பிறவியிலேயே இடது கை முழங்கையோடு முடிந்துவிட்டது. இதயத்திலும் கோளாறு. ஒரு ஆபரேஷன் முன்பே ஆகி நெஞ்சில் தழும்பு இருந்தது. இரண்டாவதுக்கு நாள் குறித்திருந்தார்கள். உள்ளே போகும்போது பொம்மையும் கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவள் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை போனைப் பிடுங்கிக்கொண்டு என்னிடமே பேசினாள்.

“நீங்க அதுக்குப் பேரு வெச்சிடாதீங்க ஆன்ட்டி. நான்தான் வெப்பேன்.”

“சரிடா கண்ணு, வெக்கமாட்டேன்” என்றேன்.

சின்னவள் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்தப் பொம்மையை முதலில் முடித்தாள். பெட்டியில் வைத்துக் கட்டி என் கையில் கொடுத்தாள். “அக்கா, இது மட்டும் இன்னைக்கே போயிடணும்” என்றாள். கூரியர் கடைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். அப்போது யோசித்தேன். அந்தத் தாயும் என் பேச்சைக் கேட்டுப் பேங்க்கில் சொல்லியிருந்தார். பொம்மை போய்ச் சேர்ந்ததற்குக் கூரியர் ரசீது இருந்தால் அந்தப் புகார் நிற்காது. அது நிற்காவிட்டால் கணக்கு எல்லைக்கு உள்ளேயே தப்பிவிடும். உங்கள் எல்லை எது என்று எனக்குத் தெரியும். சின்னவள் மறுபடி மெஷின் வாங்குவாள், அந்த ஊருக்குப் போய்விடுவாள்.

வரிசையிலிருந்து விலகினேன். வீட்டுக்கு வந்து, “போட்டாச்சு” என்றேன். நான் சொன்ன பொய் என்று பார்த்தால் அந்த ஒரு வார்த்தைதான்.

அந்தத் தாய் அடிக்கடி கூப்பிட்டார். கூரியரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். குழந்தை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றார். கடைசியாகக் கூப்பிட்டபோது, “பரவாயில்லக்கா, அவ திரும்பி வந்தப்பறம் விளையாடிக்கட்டும்” என்றார். குழந்தை திரும்பி வரவில்லை. நான் அழுதேன். எனக்குக் கல் மனசு இல்லை. அந்த வாரமே கணக்கை மூடினீர்கள்.

தகவல் கேட்டுச் சின்னவள் அந்தத் தாயைப் போனில் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கையில பொம்மை இருந்துதாம்மா?” பதிலைக் கேட்டுவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். நான் தலை வாரிவிடுகிறேன். ஊட்டினால் சாப்பிடுகிறாள். போர்த்திவிட்டால் தூங்குகிறாள். ராத்திரியில் பயந்து எழுந்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், பால்பல் இருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட மாதிரியே.

அந்தத் தாய்தான் உங்களிடம் வந்தார் என்று சொன்னீர்கள். பொம்மைக்காரப் பெண் ஏமாற்றுகிறவள் இல்லை, போனில் பேசிய அக்கா யார் என்று விசாரியுங்கள் என்று கெஞ்சினாராம். நல்ல மனுஷி. அவருக்கு இதைக் கொடுத்துவிடுங்கள். பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன், நீங்கள் வருவதாகப் போன் செய்ததுமே எடுத்து வைத்துவிட்டேன். பிரித்துப் பாருங்கள். நெஞ்சில் சிவப்பு நூல் இருக்கும். இடது கை முழங்கையில் முடிகிற இடத்தைத் தடவிப் பாருங்கள், தையலே கைக்குத் தட்டுப்படாது. குழந்தைக்குக் குத்தக்கூடாது என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். நான் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை.

எல்லாவற்றையும் செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கதவைத் தட்டியபோது அவள் தலையைத் தூக்கி, “யாருக்கா?” என்று கேட்டாள். இத்தனை நாளில் அவளாகப் பேசியது அதுதான். கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக உள்ளே வரும்போது சொன்னீர்கள். இப்போதைக்கு எடுக்க வேண்டாம். நான் தண்டனை முடிந்து திரும்பும்வரை அவள் இங்கேயே இருக்கட்டும், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.