பட்டன் டின்னில் இருந்த குளிசை

பெயர்: சவரிமுத்து றேணுகா. வயது: 44. தொழில்: வீட்டில் தையல். விலாசம்: இல. 88/14, புளியமரத் தோட்டம், கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

மேற்படி விலாசத்தில் நான் பிறந்ததிலிருந்து வசித்து வருகிறேன். இறந்தவர் என் கூடப்பிறந்த தம்பி சவரிமுத்து பற்றிக், வயது 36. விளக்கமறியலில் அவன் இறந்தது தொடர்பாக, எதிர்வீட்டு றஞ்சிதம் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்வது எனக்கு எதிராகவும் பாவிக்கப்படலாம் என்று அறிவுறுத்தப்பட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். இருந்தாலும் தமிழில் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

பற்றிக் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யாட் ஒன்றில் வேலை செய்துவந்தான். 2019 அளவில் அங்கே குடு பாவிக்கத் தொடங்கினான். ஹெரோயினைக் கொழும்பில் எந்த மொழிக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பின்னர் வேலை போனது. 2022இல் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து நடக்க முடியாமல் போனது. பங்குச் சாமி ஒரு சக்கர நாற்காலி எடுத்துக் கொடுத்தார். அம்மா அதில் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரையும் வாய் நிறைய விசாரிப்பார்.

2023 டிசம்பரில் ஒருநாள் நான் லைனிங் துணி வாங்கப் புறக்கோட்டைக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். அம்மா கட்டிலில் கிடந்தார். நாற்காலி இல்லை. பற்றிக் அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, தலையணை வைத்து, போர்த்திவிட்டு, அதன் பின்னர்தான் நாற்காலியைக் கொண்டுபோய் விற்றிருக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், இவன் எரிகிறவரிடமே பிடுங்கினான். அம்மா அவனைத் திட்டவில்லை. "நெஞ்சோட அணைச்சுத்தான்டி தூக்குனான்" என்று மட்டும் சொன்னார். அதன் பின்னர் எட்டு மாதம் ரோட்டைப் பார்க்காமல், முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு கிடந்து 2024 ஆகஸ்டில் இறந்தார். புண்ணைக் கழுவியது நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் கெட்டவளாகத் தெரிவேன். சொன்னாலும் அப்படித்தான் தெரியப்போகிறேன்.

2025 பெப்ரவரியில் பற்றிக் தானாகவே வெள்ளவத்தையில் குடுவை விடவைக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனான். அங்கே தங்கவேண்டியதில்லை, போய் வரலாம். தினமும் காலையில் இரண்டு பஸ் மாறிப் போவான். நேர்ஸ் மிஸ் குடு ஆசையை அடக்கும் மருந்துக் குளிசை ஒன்றை நாக்குக்குக் கீழே வைப்பார். அது கரையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். ஏப்ரலில் யாட்டில் திரும்பவும் வேலைக்கு எடுத்தார்கள். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அவன் பழைய பக்கம் போகவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அது நிமிர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் டொக்டர் என்னை அழைத்தார். இனி வாரம் ஒருமுறை வந்தால் போதும், வாரத்துக்கான குளிசைகளை வீட்டில் ஒரு பொறுப்பாளர் வைத்திருந்து தினமும் ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். திடீரென்று நிறுத்தினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடம்பு நோவும் வந்து ஆளைப் போட்டுவிடும் என்றும் சொன்னார். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. கிளினிக் கொப்பியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையொப்பம் வைத்தேன்.

குளிசைகளை நான் பட்டன் போடும் பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். காலை ஏழு மணிக்குப் பற்றிக் என் மெஷினுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். "அம்மாவின் நாற்காலியை விற்றவன் நான்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பின்னர் குளிசையை வைப்பேன். அது கரைந்ததும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இது டொக்டர் சொன்னதல்ல, நானாக வைத்த முறை. பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண்கள் இருந்தாலும் சொல்ல வேண்டும். நாற்பது நாளுக்கு மேல் ஒருநாள் தவறாமல் சொன்னான். அந்த நேரம் எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஜூலை 14ஆந் திகதி திங்கட்கிழமை கிளினிக்கில் வாரக் குளிசையை எடுத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம். ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து குளிசையை நோயாளியே வைத்துக்கொள்ளலாம் என்று டொக்டர் கொப்பியில் எழுதியிருந்தார். பற்றிக் அதைப் பஸ்ஸில் மூன்று தடவை விரித்துப் பார்த்தான். வீட்டில் டின்னைத் திறந்ததும் முன்னால் வந்து நின்றான், ஆனால் சொல்லவில்லை. நான் கேட்டேன். "அத அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்கா. ஒங்கிட்ட இனி சொல்லமாட்டேன். குடுக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டின்னையும் கொப்பியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் வேலைக்குப் போய் இடையில் திரும்பிவிட்டான். மூக்கு ஒழுகியது. கொட்டாவி விட்டபடியே இருந்தான். கிளினிக்குக்குப் போன் எடுத்தான். வாரத்துக்கு உரியதைப் பொறுப்பாளரிடம் கொடுத்தாயிற்று, அவரோடு கொப்பியைக் கொண்டு வாருங்கள் என்றார்களாம். "வாக்கா, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்றான். யூனிஃபோம் ஓடர் இருக்கிறது என்றேன்.

16ஆந் திகதி புதன்கிழமை காலை பத்து மணியளவில் அவன் வாந்தி எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே இருந்தான். உள்ளே வந்து நாற்றமடிக்க வேண்டாம் என்று நான்தான் வெளியே விட்டுக் கொளுவியிருந்தேன். படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குடுக்கா, குடு. சொல்றேன்கா. அம்மா நாற்காலிய வித்தவன் நான்தான். குடுக்கா" என்று தோட்டமே கேட்கக் கத்தினான். அவன் சொல்லிவிட்டான். நான் கேட்டேன். அப்படியும் கொடுக்கவில்லை. மூன்று நாள் என்னைக் காக்கவைத்தவன் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போது ரோந்து வந்த இரண்டு பொலிஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். ஒருவர் என்னிடம், "மொனவாத மெயா இல்லன்னெ?" என்று கேட்டார். இவன் என்ன கேட்கிறான் என்பது அதன் பொருள்.

நான், "குடு, மாத்தயா" என்றேன்.

றஞ்சிதம் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, மருந்து குடுன்னு கேக்குதுங்க அந்தப் புள்ள!" என்று கத்தினாள். அதிலும் அந்தச் சொல்தான் இருந்தது. தமிழ் தெரியாத அவர்களுக்கு அது மட்டுந்தான் விளங்கியது. பற்றிக் "பெஹெத், பெஹெத்" என்று சிங்களத்தில் மருந்து என்றான். அவர்கள் சிரித்தார்கள். ரோட்டில் போன ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏற்றும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அதன் பின்னர் நான் உள்ளே போய் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்தேன்.

அன்று பிற்பகல் நிலையத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் போன் எடுத்து, இவர் ஏதோ கிளினிக் என்கிறார், கொப்பி இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சாவி அப்போது என் கழுத்துச் செயினில் இருந்தது. மறுநாள் புதுக்கடை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி விளக்கமறியலில் வைத்ததாக அறிந்தேன். நான் போகவில்லை. ஒரு வாரம் உள்ளே இருந்தால் எனக்கு முன்னால் ஒழுங்காக நிற்பான் என்று எண்ணினேன். சாவான் என்று எண்ணவில்லை.

20ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அவன் இறந்த தகவல் வந்தது. வாந்தியும் பேதியும் நிற்காமல் உடம்பில் நீர் வற்றிப்போனதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிரேதத்தை அடையாளம் காட்டியது நான். வாய் திறந்திருந்தது. நாக்கு காய்ந்து வெடித்து மேலே ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதற்காகத் தூக்கிக் காட்டுவதுபோல இருந்தது. வாயை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

மேற்படி பிஸ்கட் டின், அதிலிருந்த ஏழு குளிசைகள், கிளினிக் கொப்பி ஆகியவற்றை இன்று என் கையால் ஒப்படைக்கிறேன்.

கேள்வி: இறந்தவர் "குடு" என்று கேட்டது எதை?

பதில்: குளிசையை. கொடு என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

கேள்வி: அவர் சொன்ன சொல்லைத்தானே நீங்களும் உத்தியோகத்தரிடம் சொன்னீர்கள்?

பதில்: இல்லை. பற்றிக் கேட்டது தமிழில். நான் சொன்னது சிங்களத்தில்.

இதை எழுதிய உத்தியோகத்தர் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசிப் பதிலில் ஏதும் திருத்த வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். மேலே உள்ளது அனைத்தும் நான் அறிய உண்மை என ஏற்று, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. றேணுகா