அந்தப் படகு வரைக்கும்

உடற்பயிற்சியைத் தொடங்குவது பெரிய காரியமில்லை, ஐயா. விடாமல் செய்வதுதான் கஷ்டம். மஞ்சக்குப்பத்தில் என் தேகப்பயிற்சிக் கூடத்துக்குத் தை மாதம் வந்து சேருகிறவர்களில் பாதிப்பேர் மாசிக்குள் காணாமல் போய்விடுவார்கள். மழை, கால்வலி, மாமியார் வீடு என்று ஆளுக்கொரு காரணம். அப்படிப்பட்டவனை நாள் தவறாமல் வரவழைப்பது எனக்குக் கைவந்த வேலை. லூர்துசாமி விஷயத்தில் நான் செய்தது அந்த வேலையைத்தான்.

லூர்துசாமி என் தங்கை ஆரோக்கியம்மாளைக் கட்டியவர். சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். குடிப்பார். அறுபத்தொன்றாம் வருஷம் என் தங்கை கொல்லைக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். தண்ணீர் சேந்தும்போது தவறி விழுந்தாள் என்றார் அவர். ஊரும் அதையே சொன்னது. உடம்பைக் குளிப்பாட்டிய இருசம்மாள் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "முதுகெல்லாம் பெல்ட்டு பதிஞ்சிருக்குது தம்பி. பழசும் இருக்குது, புதுசும் இருக்குது" என்றாள். அவர் தள்ளினாரா, அடி தாங்காமல் அவளே குதித்தாளா என்று நான் ஆராயவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். சவப்பெட்டியைத் தூக்கும்போது அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் தோள் கொடுத்தேன்.

அன்றைக்கே அவரை அடித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அந்தத் தெம்பு இருந்தது. ஆனால் ஆத்திரம் என்பது முதல் நாளே அளவுக்கு மீறித் தண்டால் எடுக்கிறவனைப் போல. மறுநாள் எழுந்திருக்காது.

சில வருஷம் கழித்து அவர் தைலம்மாள் என்ற சின்ன வயசுப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு கடலூருக்கே குடிவந்தார். நான் எப்போதும்போல மரியாதையாகவே பழகினேன். ஒருநாள் கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வயிறு மடியில் கிடந்தது.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது மச்சான். ஆசுபத்திரில காட்டினேன். இருதயம் வீக்கா இருக்குதாம். மெதுவா நடக்கலாம், ஓடக்கூடாது, எதையும் தூக்கக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"அப்ப நடங்க மாப்ள. நான் கூட வர்றேன்" என்றேன்.

வழி அப்போதே தெரிந்துவிட்டது. அவசரப்படவில்லை. பல மாதம் வெறும் நடைதான். விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்த் திரும்புவோம். அவர் சாக்குச் சொன்னால் திட்டமாட்டேன். "சரி, நான் மட்டும் போறேன்" என்று திரும்பி நடப்பேன். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும். அதிகம் புகழவும் மாட்டேன். புகழ்ச்சியில் வயிறு நிறைந்தவன் மறுநாள் தூங்கிவிடுவான். எப்போதாவது, "சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சே மாப்ள" என்பேன். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

உண்மையிலேயே அவர் உடம்பு தேறியது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். தன் உடம்பின் மேல் நம்பிக்கை வந்தவன்தான் அடுத்தவன் சொல்கிற எல்லாவற்றையும் செய்வான்.

பிறகு ஓடச் சொன்னேன். தயங்கினார். "அந்த டாக்டரோட தொப்பைய பாத்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஓடினார். தரையிலிருந்து மணலுக்கு மாற்றினேன். தண்டால், பஸ்கி சேர்த்தேன். ஒருநாள் இடது தோள் வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றார். சதை இறுகும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவிவிட்டேன்.

போன சித்திரையில், வேண்டுமென்றே வெயில் ஏறிய பிறகு அழைத்துப் போனேன். ஓடிக்கொண்டிருந்தவர் பாதியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நெஞ்ச அடைக்குது மச்சான். கொஞ்சம் தண்ணி."

"இப்ப நின்னா இத்தன நாளு செஞ்சது வீண் மாப்ள. அதோ, அந்தப் படகு வரைக்கும் வந்துடுங்க."

எழுந்து ஓடினார், ஐயா. அந்த அளவுக்கு அவரைப் பழக்கியிருந்தேன். படகுக்குக் கொஞ்சம் முன்னால் குப்புற விழுந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "சும்மா மயக்கம். கொஞ்ச நேரத்துல எழுந்துடுவாரு. நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்களை அவர் நெரித்தார். நாடி அடங்கிய பிறகுதான் ஆள் கூப்பிட்டேன்.

துக்கத்துக்குப் போயிருந்தபோது தைலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களோட நடக்க ஆரம்பிச்சதுலேருந்து குடிய உட்டுட்டாருண்ணே. எம்மேல கையே வைக்கல. நீங்க செஞ்ச புண்ணியம்" என்றாள். கோயில் சாமியாரும் ஆண்டவர் சித்தம் என்று பிரசங்கம் செய்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நான் பாடுபட்டதை எல்லாரும் சேர்ந்து வேறு யாருடைய கணக்கிலோ எழுதிவிட்டார்கள். அதனால்தான் நீங்கள் தேடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். தங்கைக்காகச் செய்தேன் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

அவள் உயிரோடு இருந்தபோது என்னிடம் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். ஒரு தடவை வந்தாள். தகரப் பெட்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள். "நான் அங்க திரும்பிப் போவலண்ணே. ஒரு மூலைல கெடந்துட்டுப் போறேன்" என்றாள். அடுத்த வாரம் எனக்குப் பளு தூக்கும் போட்டி. வீட்டில் அழுகையும் பஞ்சாயத்துமாக இருந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் தோள் நிற்காது. பயிற்சி செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான்தான் அவளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாவுச் செய்தி வந்தது. அடக்கம் முடிந்த கையோடு போட்டிக்குப் போனேன். ஜெயித்தும் வந்தேன்.

என் தங்கையைக் கொன்றது லூர்துசாமி மட்டும்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.