வேண்டா என்ற சிறுமி கடலில் இறந்தது பற்றி அக்தர் பேகம் சொன்னது

மகாபலிபுரம் போலீஸ் ஸ்டேஷன், 20-2-1956, காலை பதினொரு மணி.

என் பெயர் அக்தர் பேகம். தகப்பனார் ஜெயினுலாபுதீன், செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வயது இருபத்திரண்டு. மணமாகவில்லை. பஜாரை ஒட்டிய மசூதித் தெருவில் குடியிருக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்தும் செவிட்டு ஊமைப் பிள்ளைகள் பள்ளியில் எட்டு மாதமாக ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறேன். இதைச் சொல்லும்படி என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியவர்கள் வேறு மாதிரி சொல்லச் சொல்லித்தான் மிரட்டினார்கள்.

என் தம்பி பஷீருதீன் பிறவிச் செவிடு. வீட்டில் அவனிடம் கையால்தான் பேசுவோம். பள்ளிப் பிள்ளைகளின் சாடை கொஞ்சம் வேறு என்றாலும் ஒரு மாதத்தில் அதுவும் எனக்குப் பழகிவிட்டது. பின்னால் வரும் விஷயத்துக்கு இது முக்கியம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பயிற்சி வகுப்பை நடத்துபவர் மோசஸ் டீச்சர் என்ற அம்மாள். நான் சேர்ந்த அன்றே, "கையைப் பாத்துப் பதில் சொன்னா புள்ளைக்கு வாய் வராது. புரிஞ்சாலும் புரியாத மாதிரி நில்லு" என்றார். சாடை காட்டும் பிள்ளைக்கு முதலில் பிரம்படி, அதன் பிறகும் காட்டினால் இரண்டு கையையும் பின்னால் சேர்த்து நாடாவால் கட்டவேண்டும். சாடைக்குப் பதில் சொல்லும் பயிற்சி ஆசிரியையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். மூன்று தடவை எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் பெயர் இரண்டு தடவை ஏறியிருந்தது. வயிறு வலிக்கிறது என்று கையால் காட்டிய பிள்ளைக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தது ஒன்று. மோசஸ் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவதைப் போல் வேண்டா செய்து காட்டியபோது சிரித்துவிட்டது மற்றொன்று.

வேண்டாவுக்கு ஏழு வயது. கூடுவாஞ்சேரிப் பக்கம் கழனிக் கூலி வேலை செய்யும் சின்னையன், எல்லம்மாள் ஆகியோரின் நான்காவது பெண். ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதால் ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து அழுத்துவார்கள். அதுதான் அவள் பெயர்.

சர்டிபிகேட்டுக்கு மார்ச் மாதம் பரீட்சை. பயிற்சி ஆசிரியை ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பரீட்சை அதிகாரி முன்னால் நிறுத்தி அதன் வாயால் பத்துச் சொல் சொல்ல வைக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது செங்கம்மாள், வயது ஒன்பது, கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் கருப்பன் மகள். பிள்ளை ஒரு கையை நம் தொண்டையிலும் ஒரு கையைத் தன் தொண்டையிலும் வைத்து, நம் உதட்டைப் பார்த்து, அதிர்வைப் பிடித்துச் சொல்ல வேண்டும். 'க' வராத பிள்ளைக்குக் கரண்டிக் காம்பால் நாக்கு நுனியை அழுத்திப் பிடிப்போம். ஒன்பது சொல் வந்துவிட்டது. பத்தாவது 'கடல்', அது மட்டும் வரவில்லை. பரீட்சையில் தேறாவிட்டால் இரண்டு பெண்டாட்டி செத்த ஒருவருக்கு என்னைக் கொடுப்பதாக அத்தா வாக்குக் கொடுத்திருந்தார்.

கடலைக் கண்ணால் பார்த்தால் சொல் வந்துவிடும் என்று மோசஸ் டீச்சர் சொன்னதன் பேரில், 18-ந் தேதி சனிக்கிழமை காலை எட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரும் நானும் பஸ்ஸில் புறப்பட்டோம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மலைக்கு மேலே கழுகு வட்டமிட்டது. வேண்டா சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் விரித்துப் பறந்து காட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோசஸ் டீச்சர் நாடாவை என்னிடம் நீட்டி, "கட்டு. கழுகுன்னு வாயால சொன்னா அவுக்கலாம்" என்றார். முதல் வருஷப் பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கட்டினேன். தளர்த்தியாகக் கட்டினால் அவர் பார்ப்பார் என்று இறுக்கியே கட்டினேன்.

பத்தரை மணிக்குக் கடற்கரை போய்ச் சேர்ந்தோம். மற்றப் பிள்ளைகளை மணலில் உட்கார வைத்துவிட்டு, பத்தடி தள்ளி மோசஸ் டீச்சர் குடை பிடித்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். நான் செங்கம்மாளை எதிரில் நிறுத்திக் கரண்டியை எடுத்தேன். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு அவள் வாயில் ரத்தம் கசிந்தது. கொப்பளித்துவிட்டு வா என்று தண்ணீருக்கு அனுப்பினேன். அதற்குள் வேண்டா எழுந்து பாறைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

செங்கம்மாள் ஓடி வந்தாள். விரலைக் கன்னத்தில் அழுத்தினாள். இரண்டு மணிக்கட்டையும் பின்னால் சேர்த்துக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை அலை போல் புரட்டிக் கீழே அமுக்கினாள். வேண்டா, கை கட்டியிருக்கிறது, அலை அடித்துக்கொண்டு போகிறது. வாய் இருப்பவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்கள். எனக்கு அப்போதே புரிந்தது.

நான் கடலைப் பார்க்கவில்லை, மோசஸ் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கம்மாள் வாயால் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், பள்ளிச் சட்டப்படி என் காதில் விழுந்ததாகிவிடும், உடனே ஓடலாம் என்று நினைத்தேன். இப்படி நினைத்தது எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, ஒன்றை என் தொண்டையில் வைத்து, மற்றொன்றை விடாமல் பிடித்துக்கொண்டு, "வாயால சொல்லு" என்றேன். "அடல்" என்றாள். "தடல்" என்றாள். கையை உருவப் பார்த்தாள், நான் விடவில்லை. மறுபடியும் "தடல்". மறுபடியும். அதன் பிறகு கரண்டிக் காம்பை அவள் நாக்கில் வைத்து அழுத்தினேன். ஐந்தாவது தடவை "கடல்" என்று சுத்தமாக வந்தது. மோசஸ் டீச்சர், "பேஷ்" என்று சொல்லி நோட்டில் குறித்தார். அதன் பிறகு நான் ஓடினேன்.

பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான் இருந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ராமதாஸ் என்பவர் குதித்துத் தேடிப் பிள்ளையைத் தூக்கி வந்தார். மணலில் கிடத்தியவர், "இன்னாம்மா இது, கொயந்த கையைக் கட்டிக் கீது?" என்று என்னைக் கேட்டார். மோசஸ் டீச்சர் குனிந்து நாடாவை அவிழ்த்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுலேயே அவுத்துட்டோம், ஞாபகம் வெச்சுக்கோ" என்று என் காதோடு சொன்னார்.

சாயங்காலம் எல்லம்மாள் வந்தாள். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். "வூட்டுக்கு வர்றப்போ அம்மான்னு கூப்புடும்னு சொன்னீங்களே டீச்சரம்மா" என்றாள்.

நேற்று மோசஸ் டீச்சர் என்னைப் பள்ளிக்கு அழைத்து ஒரு காகிதம் கொடுத்தார். செங்கம்மாள் ஏதோ சாடை காட்டியதாகவும், அது பயிற்சி ஆசிரியைக்குப் புரியவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. "இதையே சொல்லு, மார்ச்சுல சர்டிபிகேட் உன் கையில. இல்லேன்னா கட்டுனது யாருன்னு நான் சொல்லவேண்டி வரும்" என்றார். அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் இன்று காலை இங்கே வந்தேன். பொய்யாக நல்லவள் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை.

சப் இன்ஸ்பெக்டர் முதலில் மோசஸ் டீச்சரை விசாரித்தார். கருப்பன் கூட்டி வந்திருந்த செங்கம்மாளைக் காட்டி, "இது ஊமை சார், இதுக்கு என்ன தெரியும்" என்றார் டீச்சர். சப் இன்ஸ்பெக்டரும் அப்படியே எழுதப் போனார். செங்கம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, விரலைத் தன் கன்னத்தில் அழுத்தினாள்.

"இன்னா சொல்லுது இது? பல்லு நோவுதா?" என்று அவர் கேட்டார்.

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. மோசஸ் டீச்சர் குடைக்கடியிலிருந்து பார்த்தது போலவே பார்த்தார்.

"பல்லு இல்ல சார். வேண்டான்னு சொல்றா" என்றேன்.

அதன் பிறகு செங்கம்மாள் கையால் சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன். நாடாவைப் பற்றிச் சொன்னாள். கைப்பையைக் காட்டினாள். அதில் நாடா இருந்தது. கடைசியில் தலையில் முக்காடு இழுத்துவிடுவதைப் போல் செய்தாள். அது பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர். "அக்காவிடம் சொன்னேன், அக்காவுக்குத் தெரிந்தது, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை" என்றாள். "அக்கான்னா யாரு?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். நான்தான் என்று சொன்னேன்.

எனக்குப் புரியவில்லை என்று இந்த வழக்கில் யார் சொன்னாலும் அது பொய். இதில் உள்ளவை நான் சொன்னபடியும், செங்கம்மாள் சொன்னவை அவள் சொன்னபடியும் எழுதப்பட்டிருக்கின்றன. சப் இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டபடி முழுவதையும் நானே உரக்கப் படித்தேன். செங்கம்மாள் என் எதிரில் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டு, நான் படித்து முடிக்கும்வரை என் தொண்டையில் கையை வைத்திருந்தாள்.

(ஒப்பம்) அக்தர் பேகம்
செங்கம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை