கெட்டுப்போன ஒன்பது மாதிரிகள்

எனக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும், ஐயா. சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். விசாரணை அதிகாரியான நீங்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆய்வகத் தலைவராக எனக்கு வந்த வேலை எளியது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் பாப்பிலோமா வைரஸைக் கண்டுபிடித்து, அது எந்த வகை என்றும் சொல்லும் புதிய பரிசோதனைக் கிட். முகாமுக்கு வந்த இருநூறு பெண்களின் மாதிரிகளில், பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டி, பழைய முறையோடு ஒப்பிட வேண்டும். பழையது மூன்று நாள் இழுக்கும். புதியது ஒரு மணி நேரத்தில் முடிக்கும். இந்தக் கிட்டுக்காகக் கட்டிய சோதனை மையத்தின் திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்தாயிற்று. என் பெயர் பொறித்த கல்லும் வந்து மாடிப்படியடியில் காத்திருந்தது.

பழைய முறை பிடித்தவர்களில் ஒன்பது பேரைப் புதிய கிட் கோட்டைவிட்டது. ஒன்பதும் பதினெட்டாம் வகை. பொல்லாத வகை.

எங்கள் டெக்னீஷியன் அம்மாவுக்குப் பட்டப்பெயர் ‘பூதக்கண்ணாடி’. பட்டியலை என் மேசையில் வைத்தார்.

“இந்தக் கிட்டுக்குப் பதினெட்டு கண்ணுக்கே தெரியல சார்.”

“மாதிரி கெட்டுப்போயிருக்கும்மா.”

“பேசி வச்ச மாதிரி ஒன்பதும் ஒண்ணாவா கெட்டுப்போச்சு? பையன் ஃபெயிலானா கேள்வித்தாளக் கிழிச்சுப் போடுற கதையால்ல இருக்கு.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நகைச்சுவை உணர்வுள்ளவர். அடுத்த வாரமே சாமான் கிடங்குக்கு மாற்றினேன். அங்கேயும் கலகலப்பாக இருப்பதாகக் கேள்வி.

ஒன்பதையும் ‘மாதிரி கெட்டது’ என்று நீக்கினேன். ஆம், நானேதான். மிச்சமிருந்த நூற்றுத் தொண்ணூற்றொன்றில் நூற்றுக்கு நூறு. நீக்கப்பட்டவர்களை அம்போ என்று விட்டுவிடவில்லை. புதிய கிட் ‘இல்லை’ என்று சொல்லியிருந்ததே. மற்றவர்களோடு சேர்த்து அவர்களுக்கும் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற பூப்போட்ட கடிதம் போனது. ஒரு அம்மா நன்றி சொல்லிப் பதில்கூட எழுதினார். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

மூன்று வருடத்தில் அந்த ஒன்பதில் நான்கு பேர் போய்விட்டார்கள், நன்றி சொன்னவரும் சேர்த்து என்கிறீர்கள். வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் கணக்கில் இல்லாதவர்கள். சதவீதம் மாறாது.

அந்த ஒன்பதில் நூற்றுப்பன்னிரண்டாம் எண் யாருடையது தெரியுமா என்று கேட்டு, பெயர்ப் பட்டியலைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். என் மனைவி. முகாமுக்கு நான்தான் அழைத்துப் போனேன். “உங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் எனக்கும் வந்திருக்குங்க” என்று ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள். நேராகத்தான் ஒட்டியிருக்கிறாள்.

பதறாதீர்கள் ஐயா, தண்ணீர் குடியுங்கள். போன மாதம் அடிக்கடி ரத்தம் படுகிறது என்றாள். அன்றைக்கே நம் கிட்டில் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை.