செம்பு விலையும் இரண்டு கண்ணாடிகளும்

என்னைக் கடைத்தெருவில் காயில் அக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தேழு. நீரேற்று நிலையத்தின் பின்சந்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தி, அதன் மாடியிலேயே குடியிருந்து வருகிறேன். தரகு அலுவலகத்தில் கண்ணாடிகளை உடைத்ததாக அதன் மேலாளர் கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு, கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

நீரேற்று நிலையத்தின் மோட்டார்களுக்கெல்லாம் இந்த வருடம் முழுவதும் ஒரே விலையில் காயில் கட்டித் தருவதாக ஒப்பந்தம் போட்டேன். செம்புக் கம்பி விலை ஏறினால் பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அதன் பிறகு, மேற்படி தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி பட்டறைக்கு வந்து, "அக்கா, சேமிப்பு பூராவும் பேங்க்லயே தூங்குது. கொஞ்சத்தை எடுத்து செம்புல முன்பேரம் வாங்கிப் போடு. விலை ஏறினா பட்டறையில போறது அங்க வந்துரும். இறங்கினா அங்க போறது பட்டறையில மிச்சமாகும்" என்றான். பிற்பாடு வாங்கப்போகும் செம்புக்கு இன்றைக்கே விலை பேசி வைப்பதுதானே, நியாயமாகப் பட்டது. வாங்கினேன். கணக்கை அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

அதன் பிறகு செம்பு விலை இறங்கியது. கணக்கில் நஷ்டம் காட்டியது, கம்பி மலிவாகக் கிடைத்தது, நான் நிம்மதியாகத் தூங்கினேன். தம்பிக்குத்தான் தூக்கம் போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த முன்பேரம் அத்தனையையும் விற்றுத் தொலைத்துவிட்டான். அதன் பிறகு விலை கிடுகிடுவென்று ஏறியது. கம்பிக் கடைக்காரர் புது விலை சொன்னபோது, "ஏறட்டும், நமக்கென்ன" என்று தெனாவெட்டாகச் சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்த பிறகே எனக்கு விஷயம் தெரியவந்தது.

அதன் பிறகு கையில் இருந்த எரிந்துபோன காயிலோடு அப்படியே அலுவலகத்துக்குப் போனேன். தம்பி எழுந்து நின்று, "கணக்கு தினமும் நஷ்டம்னு சிவப்பாவே காட்டுச்சு. உன் காசு கரையறதைப் பாக்க மனசு கேக்கலக்கா" என்றான். பாசமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடை தீப்பிடிக்கலைன்னு தீ இன்சூரன்ஸை ரத்து பண்ணுவியாடா, அறிவுகெட்டவனே?" என்று கேட்டு, காயிலை மேஜை மேல் போட்டேன். மேஜைக் கண்ணாடி உடைந்தது. அதை உடைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தம்பி மேல் கை வைக்கவும் இல்லை.

அதன் பிறகு மேலாளர் வந்து, நஷ்டம் வளர்வதற்குள் விற்றது புத்திசாலித்தனம்தான் என்று என் தம்பிக்குப் பரிந்து பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு ஆகும் பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர், "பரவாயில்லம்மா, இங்க இருக்கற எல்லாக் கண்ணாடிக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. வருஷம் தவறாம கட்டறோம். இதுக்கு முன்னாடி ஒண்ணுகூட உடைஞ்சதில்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

அதன் பிறகுதான் வாசல் கண்ணாடிக் கதவை உடைத்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கதவு கைதவறி உடைந்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், வேண்டுமென்றே உடைத்தேன் என்றே இருக்கட்டும் என்றேன். மற்றதெல்லாம் எப்படி உண்மையோ, அதுவும் அப்படியே உண்மை.

(ஒப்பம்)