மேடு ஏறுகிற செயின்

இரத்தினபுரியிலிருந்து றக்வான போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர், மடியில் புது பைக் செயினையும் பல்சக்கரங்களையும் வைத்துக்கொண்டு, "வேகம் கொறையணும்னுதான் இத வாங்கினேன்" என்றார்.

பக்கத்தில் இருந்தவரும் அவர் வசிக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே இருப்பவர் போல. "யாராச்சும் அப்படி வாங்குவாங்களா தம்பி?"

"பின்வீலுக்குப் பெரிய பல்சக்கரம் போட்டா ஓட்டம் கொறையும்ணே, ஆனா ஆளை வச்சிக்கிட்டு மேடு ஏறும். போன தடவ கிளினிக் போயிட்டு வாறப்ப, லயத்து வீட்டுக்கு ஏறுற மேட்டுல பழைய செயின் கழண்டுடுச்சு. செல்வி எறங்கி நடந்தா. பாதியில மூச்சு வாங்கி ரோட்டுலயே உக்காந்துட்டா."

"நெஞ்சு வருத்தம் உள்ள பொஞ்சாதிய நடக்க விட்டுட்டியே! சரி, இனி கஷ்டமில்லாம கூட்டிட்டுப் போகலாம்."

செயின் வைத்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்கு ரிப்போர்ட் காட்ட நான் மட்டும் போனேன். ஒப்பரேசன் பண்ணுனா தாங்கமாட்டா, இனிமே கூட்டிட்டு வந்து அலைக்கழிக்காதீங்கன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

"ஐயோ. அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெறுங்கையோட போனா என் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருவா. இதக் கொண்டு போனா, அடுத்த கிளினிக் போகத்தான் வாங்கியிருக்கேன்னு நெனைப்பா."

மற்றவர் அந்தச் செயினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கராஜ்ல குடுத்து மாட்டலாமே" என்றார்.

"இல்லண்ணே, நானே மாட்டுறேன். வாசல்ல வச்சு, அவ கண்ணு முன்னாலயே."