விண்கலத்துக்குப் பெண் கேப்டன்

தனுவச்சபுரத்தில் பஸ் ஏறிய இருவரும் கல்லூரியின் விஞ்ஞானக் கதைச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சங்கத்தின் செயலாளன் கம்பியைப் பிடித்து நின்றான். ஷீஜா மடியில் தாள்கட்டுடன் பெண்கள் இருக்கையில் இருந்தாள். சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் எல்லார் கதையையும் அழகாகப் பார்த்து எழுதுவது அவள்தான். இந்த முறையும் சொந்தமாக ஒரு கதை கொடுத்திருந்தாள்.

“விண்கலத்துக்குப் பொம்பள கேப்டன் வேண்டாம் மக்கா. ஆரும் நம்பமாட்டாவ.”

“உங்க கதையில பத்துக் கை உள்ள ஜீவி உண்டே அண்ணா. அத நம்புவாவளா?”

“அது சயன்ஸ் ஆக்கும். பின்ன, ஒனக்க கதையில செவ்வாயில ரெண்டு ஆம்பிளையளு ஒண்ணா குடும்பம் நடத்துதாவ. சீ! ஒருத்தனப் பொண்ணாக்கு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத நான், செவ்வாயில் குடும்பம் நடத்தும் அந்த இருவரில் ஒருவன் நான்தான் என்று பிடித்துவிடுவார்களோ எனப் பதறி, கண்டக்டர் கேட்காமலே டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“இது மூணாமத்த கதை,” என்றாள் ஷீஜா. குரலில் கோபம்கூட இல்லை. “மற்ற ரெண்டையும் நீங்க சொன்னபடி மாற்றியாச்சு. இனி ஒக்காது அண்ணா, என்னால முடியாது.”

“அப்போ ஒனக்க கதை வராது. எங்க கதையள மட்டும் திங்களாழ்ச்சைக்குள்ள எழுதித் தா.”

அமரவிளையில் பஸ் நின்றது. அவள் தன் கதையை மட்டும் உருவிக்கொண்டு, மீதித் தாள்களை அவன் கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அவன் ஜன்னலுக்குக் குனிந்து கத்தினான்.

“எட்டீ ஷீஜா! எனக்க கையெழுத்து எனக்கே வாசிக்க ஒக்காது!”